ரொச்டேல் இடைத்தேர்தல்: ஆசனம் கைமாறியதும் நான்கு மாதத்தில் திரும்பிப் போனதும்

2024 மார்ச் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை. ரமழானுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது எங்கள் ஊர் ஹாஜியார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, லண்டன்ல எங்கட ஆள் வென்டுட்டாராமே, பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்திருந்தேன். இங்கிலாந்தில் விடியற்காலையில் அறிவிக்கப்பட்ட முடிவு எமக்குக் காலைத் தேநீர் நேரத்தில் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் இருக்கும் நான்கைந்து வட்ஸ்அப் குழுமங்களிலும் வாழ்த்துப் படங்கள் நிறைந்துவிட்டன.

ஹாஜியாரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அது லண்டன் அல்ல, மன்செஸ்டருக்கு அருகிலுள்ள ரொச்டேல். வென்றவர் முஸ்லிமும் அல்ல, ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்த ஜோர்ஜ் கலோவே. ஆனால் "எங்கட ஆள்" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. காஸாவில் ஒவ்வொரு நாளும் ஜனாஸாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. யாராவது ஒருவர், எங்காவது ஓரிடத்தில், அந்த அழிவுக்குத் துணைபோனவர்களுக்கு ஒரு விலையைக் கொடுக்க வைத்தார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்றும் தேர்தல் பேச்சு வந்தால் நண்பர்கள் ரொச்டேலை உதாரணமாக எடுக்கிறார்கள். "ஒற்றுமையாக வாக்களித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி" என்கிறார்கள். அது அரைவாசி உண்மை. மீதி அரைவாசியையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

ரொச்டேல் என்ற பெயர் எம்மில் பலருக்குப் புதிதல்ல. பாடசாலையில் வர்த்தகம் படித்தவர்களுக்கு "ரொச்டேல் முன்னோடிகள்" நினைவிருக்கும். 1844இல் அந்த ஊரின் டோட் லேன் என்ற தெருவில் 28 பேர் சேர்ந்து திறந்த சிறிய கடையில் இருந்துதான் நவீன கூட்டுறவு இயக்கம் வளர்ந்தது. எங்கள் ஊர் கூட்டுறவுக் கடையில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கும் அந்த ஊருக்கும் அப்படியொரு தூரத்து உறவு இருக்கிறது. பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகளில் வேலை செய்யப் பாகிஸ்தானிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஆலைகள் மூடப்பட்டன, குடும்பங்கள் தங்கிவிட்டன. இன்று அத்தொகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் முஸ்லிம்கள்.

அந்த ஊரின் தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் சேர் டோனி லொயிட் 2024 ஜனவரி 17ஆம் திகதி மரணித்தார். 2019 பொதுத்தேர்தலில் 9,668 மேலதிக வாக்குகளால் வென்றிருந்தவர். பிரித்தானிய வழக்கப்படி, காலியான ஆசனத்தை வைத்திருந்த கட்சியே இடைத்தேர்தலுக்கான கட்டளையைச் சபையில் கோரும். தொழிற்கட்சி தாமதிக்கவில்லை. காஸா விடயத்தில் முஸ்லிம் வாக்காளர் கொதித்துப்போயிருப்பது அக்கட்சிக்குத் தெரியும். எதிராளிகள் தயாராகும் முன் முடித்துவிட நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். லொயிட் மரணித்து 43ஆவது நாள், பெப்ரவரி 29ஆம் திகதி, வாக்கெடுப்பு.

கொதிப்புக்குக் காரணம் இருந்தது. 2023 ஒக்டோபரில் கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மர் வானொலிச் செவ்வியொன்றில், காஸாவுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க இஸ்ரேலுக்கு உரிமை உண்டு என்று பொருள்படும்படி பேசினார். தான் சொன்னது அதுவல்ல என்று பிறகு விளக்கம் கொடுத்தார், ஆனால் அந்த ஒலிப்பதிவு எல்லோர் கையிலும் இருந்தது. நவம்பர் 15ஆம் திகதி போர்நிறுத்தம் கோரும் பிரேரணை சபைக்கு வந்தபோது, தலைமையின் கட்டளையை மீறி 56 தொழிற்கட்சி உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். கட்சி அசையவில்லை. 2024 பெப்ரவரி 21ஆம் திகதிதான், அதாவது ரொச்டேல் வாக்கெடுப்புக்கு எட்டு நாட்களுக்கு முன், "உடனடி மனிதாபிமானப் போர்நிறுத்தம்" என்ற சொற்களோடு தொழிற்கட்சி தனது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்த எட்டு நாள் இடைவெளியைத் தற்செயல் என்று நம்புவதற்கு நான் தயாரில்லை. இடைத்தேர்தல் என்பதன் பயன் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டால், ஆசனத்தை விட அந்த எட்டு நாட்களைத்தான் முதலில் காட்டுவேன்.

இனி, பலரும் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருகிறேன்.

தொழிற்கட்சி நிறுத்திய வேட்பாளர் அஸ்ஹர் அலி, லங்காஷயர் மாவட்ட சபை உறுப்பினர். அவரும் முஸ்லிம்தான். வேட்புமனு பெப்ரவரி 2ஆம் திகதியோடு முடிந்தது. 11ஆம் திகதி ஞாயிறு பத்திரிகையொன்று அவர் பேசிய ஒலிப்பதிவொன்றை வெளியிட்டது. ஒக்டோபர் 7 தாக்குதல் நடக்கட்டும் என்று இஸ்ரேல் வேண்டுமென்றே விட்டுவிட்டது என அதில் அவர் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேட்டார். கட்சி முதலில் அவரைக் காப்பாற்றப் பார்த்தது. மேலும் சில பேச்சுகள் வெளிவந்ததும் மறுநாளே கைவிட்டது. ஆனால் வேட்புமனுக் காலம் முடிந்துவிட்டதால் வாக்குச்சீட்டில் அவர் பெயரையோ பக்கத்தில் இருந்த கட்சியின் பெயரையோ எடுக்க முடியாது. ஆகவே தொழிற்கட்சியின் கோட்டையில், தொழிற்கட்சியின் பெயரில், தொழிற்கட்சியின் ஆதரவில்லாத ஒருவர் போட்டியிட்டார். வீடு வீடாகப் போகத் தொண்டர்கள் இல்லை, மேடைக்கு வரத் தலைவர்கள் இல்லை. பசுமைக் கட்சியின் நிலையும் அதுவே. அதன் வேட்பாளர் இஸ்லாத்தைப் பற்றி முன்னர் இட்ட பதிவுகள் வெளிவந்ததும் கட்சி அவரையும் கைவிட்டது. தொழிற்கட்சியின் முன்னாள் ரொச்டேல் உறுப்பினர் சைமன் டன்சுக்கோ இம்முறை ரிஃபோர்ம் கட்சியில் நின்றார்.

இப்படி ஆளில்லாமல் கிடந்த மைதானத்தில்தான் கலோவே ஆடினார். அவர் ஆட்டம் தெரியாதவர் அல்ல. ஈராக் போரை எதிர்த்ததால் 2003இல் தொழிற்கட்சியிலிருந்து விலக்கப்பட்டு, 2005இல் கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீன் தொகுதியை 823 வாக்குகளால் அக்கட்சியிடமிருந்து பறித்தவர். ரொச்டேலில் தனது "வேர்க்கர்ஸ் பார்ட்டி"யின் பெயரில் இறங்கினார். முஸ்லிம் வீடுகளுக்குப் போன கடிதத்தில் காஸா முன்னால் இருந்தது. மற்ற வீடுகளுக்குப் போன கடிதத்தில் ஊரின் பிரச்சினைகளும், டிரம்பின் சுலோகத்தைத் திருப்பிப் போட்டு "ரொச்டேலை மீண்டும் மகத்தானதாக்குவோம்" என்ற வாசகமும் இருந்தன. ஒரே வேட்பாளர், இரண்டு கடிதங்கள். எம் நாட்டில் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் இன்னொன்றும் பேசும் அரசியல்வாதிகளைக் குறை சொல்லும் நாம், இதை மட்டும் தந்திரம் என்று ரசித்தோம்.

முடிவு இப்படி வந்தது. கலோவே 12,335. இரண்டாவதாக வந்தவர் டேவிட் டலி, ஊரில் வாகனம் திருத்தும் நிறுவனம் நடத்தும் சுயேச்சை வேட்பாளர், 6,638. பழமைவாதக் கட்சி 3,731. அஸ்ஹர் அலி 2,402. லிபரல் டெமோகிரட் 2,164. டன்சுக் 1,968. மேலதிக வாக்குகள் 5,697. 2019இல் 24,475 பேர் புள்ளடியிட்ட தொழிற்கட்சிக்குப் பத்திலொன்றுதான் எஞ்சியது.

மேடையில் நின்று கலோவே சொன்ன முதல் வார்த்தைகள் உலகமெல்லாம் போயின: கெய்ர் ஸ்டார்மர், இது காஸாவுக்காக. அன்று மாலையே பிரதமர் ரிஷி சுனக் டவுனிங் வீதி வாசலில் மேசை போட்டு, தீவிரவாதம் பற்றியும் ஜனநாயகத்துக்கு ஆபத்து பற்றியும் உரையாற்றினார். ரொச்டேல் முடிவைக் கவலைக்கும் அப்பாற்பட்டது என்றார். ஒரு தொகுதியின் மக்கள் சட்டப்படி அளித்த வாக்கைப் பற்றி ஒரு பிரதமர் இப்படிப் பேசலாமா என்று அன்று எழுந்த கேள்வி நியாயமானது. வாக்குச்சீட்டைத் தவிர வேறெந்த வழியில் அந்த மக்கள் தம் கோபத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 39.7 வீதம். கலோவேக்குக் கிடைத்த பங்கும் 39.7 வீதம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் நூற்றுக்குப் பதினாறு பேரின் ஆதரவில்தான் அந்த ஆசனம் கைமாறியது. நூற்றுக்கு அறுபது பேர் வீட்டில் இருந்தார்கள்.

டலியின் வாக்குகளையும் சிறிது யோசிக்க வேண்டும். பெரிய கட்சிகளின் பிரசார இயந்திரம் எதுவும் இல்லாத, அந்த ஊருக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டிராத ஒருவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். எம் குழுமங்களில் அவர் பெயரை யாரும் எழுதவில்லை. நானும் அன்று கவனிக்கவில்லை. கலோவேயும் டலியும் சேர்ந்து எடுத்தது 61 வீதம், மூன்று பெரிய கட்சிகளும் சேர்ந்து எடுத்தது 27 வீதத்துக்கும் குறைவு. ஆக, ரொச்டேலில் அன்று கோபத்தோடு போனவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்ல. "எங்கள் ஊரை யாரும் கவனிக்கவில்லை" என்ற வெள்ளையர்களின் கோபமும் அதே பெட்டிக்குள் விழுந்தது. அந்த இரண்டு கோபங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டிருந்தால் அந்த ஊரின் அரசியலே வேறாகியிருக்கும். இரண்டு கடிதங்கள் எழுதியவரால் அதைச் செய்ய முடியவில்லை.

கலோவே மார்ச் 4ஆம் திகதி சத்தியப்பிரமாணம் செய்தார். மே 30ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. உறுப்பினராக இருந்தது மூன்று மாதங்களுக்கும் குறைவு. இடையில் மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அவரது கட்சிக்கு ரொச்டேலில் இரண்டு இடங்கள் கிடைத்தன. மன்செஸ்டரின் லோங்சைட் வட்டாரத்தில் அம்மாநகர சபையின் பிரதித் தலைவராக இருந்த தொழிற்கட்சி முஸ்லிம் உறுப்பினரையே அது தோற்கடித்தது. அலை இன்னும் ஓயவில்லை என்று தெரிந்தது. பின்னர் ஜூலை 4ஆம் திகதி பொதுத்தேர்தல். ரொச்டேலைத் தொழிற்கட்சி மீட்டது. கலோவே சுமார் ஆயிரத்து ஐந்நூறு வாக்குகளால் தோற்றார்.

தோற்கடித்தவர் போல் வோ. பத்திரிகையாளர், ரொச்டேலில் பிறந்தவர். ஜனவரியில் இதே ஆசனத்துக்குத் தொழிற்கட்சியின் நியமனம் கேட்டு அஸ்ஹர் அலியிடம் தோற்றவர். அந்த ஜனவரியில் கட்சி இவரைத் தெரிவு செய்திருந்தால் பெப்ரவரியில் கலோவே வென்றிருப்பாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் வெற்றி அத்தனை எளிதாக இருந்திருக்காது. ஒரு ஞாயிறுப் பத்திரிகையும் வேட்புமனுத் திகதியும் சேர்ந்து செய்த வேலையை நாம் முழுவதுமாக எம் ஒற்றுமையின் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

அரசியல் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இடைத்தேர்தலில் வென்ற ஆசனம் பொதுத்தேர்தலில் திரும்பிப் போவது எங்கும் நடப்பதுதானே" என்றார். பெரும்பாலும் உண்மை. ஈராக் போர்க் கோபத்தில் 2004 ஜூலையில் லெஸ்டர் தெற்கு இடைத்தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது, லிபரல் டெமோகிரட் வென்றது. அடுத்த ஆண்டே தொழிற்கட்சி அதை மீட்டது. 2012 மார்ச்சில் பிரட்ஃபோர்ட் மேற்கு இடைத்தேர்தலில் இதே கலோவே 18,341 வாக்குகளும் 10,140 மேலதிக வாக்குகளும் பெற்றார். ரொச்டேலை விடப் பெரிய வெற்றி அது. அடுத்த மே மாதம் அவரது அன்றைய கட்சிக்கு அந்நகர சபையில் ஐந்து உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஐந்து பேருமே அவரோடு முரண்பட்டுக் கட்சியை விட்டுப் போனார்கள். 2015இல் தொழிற்கட்சியின் நாஸ் ஷா அவரை 11,420 வாக்குகளால் தோற்கடித்தார். பத்தாயிரத்தால் வென்ற இடத்தில் மூன்றாண்டில் பதினோராயிரத்தால் தோல்வி. அந்த மூன்றாண்டில் அவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இருந்த நேரத்தைப் பிரட்ஃபோர்டில் இருந்திருக்கலாம் என்று அவருக்கு வாக்களித்தவர்களே குறைபட்டுக்கொண்டார்கள்.

ஆனால் நண்பரின் விதிக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அதுவும் ரொச்டேலிலேயே. அந்த ஊரில் 1958இலும் 1972இலும் இடைத்தேர்தல்கள் நடந்தன. மூன்று முறையும் உறுப்பினர் மரணித்ததால் தேர்தல். மூன்று முறையும் ஆசனம் கட்சி மாறியது. 1958 தேர்தல் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் பிரித்தானியத் தேர்தல் என்று வரலாற்றில் நிற்கிறது. அதில் பழமைவாதக் கட்சியிடமிருந்து ஆசனத்தை எடுத்த தொழிற்கட்சியின் ஜாக் மக்கேன், மரணிக்கும் வரை பதினான்கு ஆண்டுகள் அதை விடவில்லை. 1972 ஒக்டோபரில் அவர் இடத்துக்கு நடந்த தேர்தலில் லிபரல் கட்சியின் சிறில் ஸ்மித் 5,093 மேலதிக வாக்குகளால் வென்றார். அவர் இருபது ஆண்டுகள் இருந்தார், அவர் போனபின்னும் கட்சி இன்னொரு தவணை வைத்திருந்தது. ஸ்மித் அந்த ஊரில் பிறந்து, நகர சபையில் நீண்டகாலம் இருந்து, மேயராகவும் இருந்தவர். தெருவில் நடந்தால் ஆளையும் ஆளின் தகப்பனையும் தெரியும் என்கிற வகை. (அந்த ஊர்ச் செல்வாக்கு எதையெல்லாம் மூடிவைத்தது என்பது அவர் 2010இல் இறந்த பிறகுதான் வெளிவந்தது. சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்த குற்றத்துக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே வழக்குத் தொடுத்திருக்க வேண்டும் என்று வழக்குத் தொடுநர் திணைக்களமே 2012இல் ஏற்றுக்கொண்டது. ஊர்க்காரர் என்பதனாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார்.)

2024 ஜூலையில் காஸாவை முன்வைத்து வென்ற சுயேச்சைகளையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். லெஸ்டர் தெற்கில் ஷொக்கத் ஆதம், கண் பரிசோதகர், 979 வாக்குகளால். பிளக்பேர்னில் அத்னான் ஹுசைன், சட்டத்தரணி, வெறும் 132 வாக்குகளால். டியூஸ்பரி அன்ட் பட்லியில் இக்பால் முஹம்மத், பேர்மிங்ஹம் பெரி பாரில் அயூப் கான். தேசம் அறிந்த முகம் இவர்களில் ஒருவருக்கும் அன்று இருக்கவில்லை. தேசம் அறிந்த முகமான கலோவே தோற்ற அதே இரவில் இவர்கள் வென்றார்கள். ரொச்டேல் முடிவு அவர்களுக்குத் துணிவு கொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது துணிவை மட்டும்தான், வழிமுறையை அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லெஸ்டர் கிழக்கில் தொழிற்கட்சியின் முன்னாள் உறுப்பினர்கள் இருவர் தனித்தனியே போட்டியிட, வாக்குகள் சிதறிப் பழமைவாதக் கட்சி அந்த ஆசனத்தைத் தொழிற்கட்சியிடமிருந்து எடுத்தது. நாடு முழுவதும் அக்கட்சி மண் கவ்விய அந்தத் தேர்தலில் அது தொழிற்கட்சியிடமிருந்து பறித்த ஒரே ஆசனம் அதுதான். கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம் கட்சிகள் பிரிந்து கேட்டு ஆசனம் இழந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குள் ஒரு பொறாமை எழுந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெற்றியைப் பார்த்து அல்ல, அந்தத் தேர்தல் நடந்ததைப் பார்த்து. பொதுத்தேர்தலுக்கு இடையில் ஒரு தொகுதியின் மக்கள் அழைக்கப்பட்டு, "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்டார்கள். எம் நாட்டில் அப்படிக் கேட்கப்பட்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள்.

இலங்கையில் இடைத்தேர்தல் சாதாரணமாக இருந்த காலம் உண்டு. 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பில் ஜே.ஆர். ஜயவர்தன பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். பின்னர் 1983 மே 18ஆம் திகதி 18 தொகுதிகளில் ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 14 தொகுதிகளில் வென்றது, சுதந்திரக் கட்சி மூன்றில், மஹரகமவில் மக்கள் ஐக்கிய முன்னணியின் தினேஷ் குணவர்தன. பிற்காலத்தில் பிரதமரான அவர் முதன்முதலில் சபைக்குள் வந்தது அந்தக் கைமாறிய ஆசனத்தின் வழியாகத்தான். 1989இல் விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் நடந்த பிறகு இடைத்தேர்தல் என்பதே இல்லாமல் போனது. ஓர் உறுப்பினர் மரணித்தாலோ பதவி இழந்தாலோ, அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வந்து அமர்வார். தேசியப்பட்டியல் என்றால் கட்சிச் செயலாளரின் ஒரு கடிதம் போதும்.

இதில் எமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இடைத்தேர்தலை இல்லாமலாக்கிய அதே விகிதாசார முறைதான் முஸ்லிம் அரசியலுக்கு உயிர் கொடுத்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் 1988இல் பிரேமதாசவுடன் பேசி வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கச் செய்தது எம் அரசியல் வரலாற்றின் பெரிய சாதனை. கிழக்குக்கு வெளியே சிதறி வாழும் முஸ்லிம்களுக்குத் தொகுதி முறை திரும்பினால் என்ன மிஞ்சும் என்பது நியாயமான பயம். ரொச்டேல் போல ஒரு தொகுதியில் நூற்றுக்கு முப்பது என்ற நிலை எமக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது? ஆகவே "எமக்கும் இடைத்தேர்தல் வேண்டும்" என்று எழுந்தமானமாகக் கேட்க நான் வரவில்லை.

ஆனால் கொடுத்த விலையையும் மறக்கக்கூடாது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது கொவிட் என்ற பெயரில் எம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. முஸ்லிம் கட்சித் தலைவர்கள் எதிர்த்து வாக்களிக்க, அக்கட்சிகளின் உறுப்பினர்கள் பலர் கையுயர்த்தி அரசாங்கத்தைக் காப்பாற்றினார்கள். அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி இறுதியில். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அந்த மாவட்டங்களின் வாக்காளர்களிடம் இருந்த ஆயுதம் முகநூல் பதிவு மட்டும்தான். கட்சித் தீர்மானத்தை மீறி வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்களித்த மட்டக்களப்பின் நஸீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் விலக்கியது. அது சரி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஒக்டோபரில், அதாவது தவணையின் நான்காம் ஆண்டில். அடுத்த பெயராக இருந்த அலி ஸாஹிர் மௌலானா அந்த ஆசனத்துக்கு வந்தார். கட்சி தன் ஆசனத்தை மீட்டுக்கொண்டது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் யாரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை.

பிரித்தானிய முறையிலும் கட்சி மாறியவரைப் பதவி விலகச் சொல்லும் சட்டம் இல்லை. 2015இல் வந்த மீளழைப்புச் சட்டம், சிறைத்தண்டனை, சபையிலிருந்து நீண்ட இடைநிறுத்தம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும், தொகுதியில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டால் இடைத்தேர்தல் என்கிறது. கட்சி தாவல் அதில் அடங்காது. ஆனாலும் 2014இல் பழமைவாதக் கட்சியிலிருந்து மாறிய டக்ளஸ் கார்ஸ்வெல்லும் மார்க் ரெக்லெஸ்ஸும் தாமாகவே பதவி விலகி, இடைத்தேர்தலில் நின்று, புதிய கட்சியின் பெயரில் வென்றே சபைக்குத் திரும்பினார்கள். சட்டம் கேட்காததை அவர்கள் செய்தார்கள். எம்மவர்களில் அப்படிச் செய்ய விரும்பும் ஒருவர் இருந்தாலும், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். மக்களிடம் திரும்பிப் போக அவருக்குக் கதவே இல்லை.

தேர்தல் முறைச் சீர்திருத்தம் என்று ஒவ்வொரு அரசாங்கமும் ஒரு குழுவை அமைக்கிறது. எம் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் அங்கே போய் ஆசன எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகின்றன. விகிதாசாரத்தைக் காத்துக்கொண்டே, கட்சி மாறியோ விலக்கப்பட்டோ காலியாகும் ஆசனத்துக்கு மட்டும் அந்த மாவட்டத்தில் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு பந்தி எழுதிக் கொடுப்பதில் என்ன தடை? செலவைக் காரணம் காட்டுவார்கள். உறுப்பினர்களுக்கும் பிடிக்காது, எம் உறுப்பினர்களுக்கு இன்னும் பிடிக்காது.

ஜூலை 5ஆம் திகதியும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆ முடிந்து அதே ஹாஜியார் கேட்டார்: "அந்த ஆள் தோத்துட்டாராமே தம்பி, என்ன நடந்த?" நான் சுருக்கமாகச் சொன்னேன். வென்றவர் அந்த ஊரில் பிறந்தவர் என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"அப்ப மத்தவர் ஊர் ஆள் இல்லையா?"

"இல்ல ஹாஜியார்."

"அத நீங்க அண்டைக்கே சொல்லி இருக்கலாமே."